துண்டுக் கட்டு

டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிசியோதெரபிஸ்ட் பரிமளாவின் கை, தன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

மூத்தோர் கபடி ஆட்டத்தில் சடையப்பன் மாஸ்டர் விழுந்து கிடந்தார். "எழுந்து கபடி பாடிட்டுப் போங்க மாஸ்டர், பேத்தி பாக்குது!" என்று கூட்டம் சிரித்தது. பரிமளா விந்தி விந்தி நடந்து அவரிடம் போனாள்.

"கால ஊன முடியல பாப்பா. முட்டி நழுவுது" என்றார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

முட்டி அதற்குள் உப்பியிருந்தது. சத்தம், உடனே வீக்கம், ஊன்ற முடியாத கால். மூன்றும் சேர்ந்தால் ஆளை எழுப்பவே கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். இதே மைதானத்தில், பள்ளி நாட்களில் ஆடிய மாவட்ட இறுதி ஆட்டத்தில், பரிமளாவின் முட்டிக்கும் மூன்றும் சேர்ந்து வந்தன. அன்று அவளை எழுப்பி ஆடவிட்டவர் மாஸ்டர். அதோடு அவள் ஓட்டம் நின்றுபோனது.

ஆம்புலன்ஸ் டிரைவர் அவள் கையசைப்புக்காகக் காத்திருந்தார். அவள் அசைக்கவில்லை. மாஸ்டரின் இடுப்பில் கட்டியிருந்த துண்டை உருவி, நீளமாகக் கிழித்து, முட்டியைச் சுற்றி இறுக்கி, பக்கவாட்டில் இரட்டை முடிச்சுப் போட்டாள். அடிபட்ட பிள்ளைகளுக்கெல்லாம் மாஸ்டர் போடும் கட்டு அது.

மாஸ்டர் முடிச்சைப் பார்த்தார். பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"பாப்பா... நீ..."

"சும்மா சுளுக்குதான் மாஸ்டர். எழுந்து ஆடுங்க, ஆட்டம் முடிஞ்சதும் பாத்துக்கலாம்."