பல்லி சொன்ன பதில்

தான் வளர்க்கும் ஓணானின் மரப்பெட்டிக்குப் பூங்கொடி உள்ளும் புறமும் நீலப் பெயிண்ட் அடித்து, ஜன்னலோரம் காய வைத்திருந்தாள். இரண்டு நாளாக ஓணானுக்குப் பிளாஸ்டிக் கூடைதான் வீடு. நாக்கை நீட்டும்போதெல்லாம் காற்று கசந்தது.

"பல்லியண்ணே, காய்ஞ்சிருச்சான்னு ஒரு எட்டு பார்த்துட்டு வாங்களேன்" என்றது.

சுவரிலிருந்த பல்லி போய்விட்டு வந்தது. "மேலே காய்ஞ்சிருக்கு. மூலையில கால் ஒட்டுது. உள்ளே ஒரு கொசு மல்லாந்து கிடக்கு."

"நீங்க அதைத் தின்னலையா?"

"தின்னத் தோணல."

கொசுவைப் பல்லி விட்டுவிட்டு வந்தது என்றதும் ஓணான் கூடையின் மறுகோடிக்கு நகர்ந்துகொண்டது. "ஆபத்தில்லாத பெயிண்ட்னு டப்பாவிலேயே போட்டிருக்காம். போன்ல சொல்லிட்டிருந்தா."

"போட்டவன் உள்ளே படுத்துப் பார்த்தானாமா?"

"அண்ணே, மனுஷங்களுக்குக் கேக்கிற குரல் எனக்குக் கிடையாது. அவ வந்தா நீங்கதான் வேண்டாம்னு சொல்லணும்."

"சொல்றேன். பயப்படாதே."

மாலையில் பூங்கொடி வந்து பெட்டியை முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். ஓணானுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"வாடை போகலையே" என்றாள் தனக்குள். பிறகு கூடையைப் பார்த்தாள். "பாவம், எத்தனை நாள் இதுல கிடக்கும்? இன்னைக்கே பெட்டியில விட்டுடலாமா?"

பல்லி வாக்குத் தவறவில்லை. தொண்டை நோகக் கத்தியது.

பூங்கொடியின் முகம் தெளிந்தது. "பல்லியே சொல்லிடுச்சு."

பல்லி பதறிப்போய் இன்னும் பலமாகக் கத்தியது. அவள் விரலை மடக்கிப் பெட்டியின் மூடியில் மூன்று முறை பக்தியோடு தட்டிவிட்டு, கூடைக்குள் கையை விட்டாள்.