ஷவ்கியின் நோன்பு

“ஷேக், நீங்களே வந்து அந்த மனுஷனைக் கேளுங்க. வயித்துல முத்தின புற்றுநோய். ரமலான் நோன்பு பிடிச்சே தீருவேன்னு அடம்!”

பள்ளிவாசல் படியிலேயே கண்ணைக் கசக்கினாள் இன்ஸாஃப். இமாம் ரிஃப்அத் அப்போதே அவளோடு கிளம்பிவிட்டார்.

கட்டிலில் சாய்ந்திருந்த ஷவ்கி, பழைய சிநேகிதனைப் பார்த்துச் சிரித்தார். “தாடி ஒரு பக்கம், நீ ஒரு பக்கமா ஓடி வர்றியே. என்னய்யா அவசரம்?”

“நோயாளிக்கு நோன்பு கடமையில்லைன்னு வெள்ளிக்கிழமை தவறாம கத்துறேனே, காதுல விழலையா? நல்லா இருந்த காலத்துல நோன்பும் அதுவுமா மரப்பட்டறைக்குள்ள ஒளிஞ்சு சிகரெட் பிடிச்ச ஆளு நீ!”

“நல்லாக் கேளுங்க!” என்றாள் இன்ஸாஃப். “புறாவுக்குள்ள அரிசி அடைச்சு சமைச்சா, திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல. எலும்பா கிடக்கிறார்.”

உள்ளேயிருந்து கருகல் வாசம் வந்தது. “ஐயோ, என் புறா!” அவள் ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும், ஷவ்கி தலையணைக்கடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தார்.

ரிஃப்அத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அடப்பாவி! நோன்பே இல்லையா? கட்டினவளையே ஏமாத்துறியா?”

“மெதுவாப் பேசுய்யா. இந்த உடம்பு இனிமே சோறு கேக்காதுன்னு டாக்டர் எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டார். எனக்குப் பசியே இல்லை. அது அவளுக்கு ஏறலை. ஊட்டுவா, நான் வாந்தி எடுப்பேன், ‘உங்களைப் பட்டினி போட்டு நானே கொல்றேனே’ன்னு அழுவா. நான் சாப்பிடாம அவளும் தொடமாட்டா. போன மாசம் அடுப்படியில மயங்கி விழுந்தா, தெரியுமா?”

“அதுக்கு?”

“நோன்பாளிக்குப் பகல்ல யாரு ஊட்டுவா? சாயங்காலம் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தைக் கன்னத்துல ஒதுக்கிட்டு அவ எதிர்ல உக்காருவேன். என் வாய் அசைஞ்சாப் போதும், அவ கையும் தட்டுக்குப் போயிடும். இப்பெல்லாம் ரெண்டு தட்டு சாப்பிடுறா, ஷேக்!”

கரண்டியோடு திரும்பி வந்தாள் இன்ஸாஃப். “என்ன சொல்றார்? விடறாராமா?”

ரிஃப்அத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தீர விசாரிச்சுட்டேம்மா. அவன் நிய்யத்து, மனசுல இருக்கிற எண்ணம், சுத்தமா இருக்கு, தடுக்காதே. பெருநாளுக்கு அப்புறமும் விருப்பப்பட்டவங்க பிடிக்கிற ஆறு நோன்பு இருக்கு. அதுவும் முடிஞ்சா, வாராவாரம் திங்கள், வியாழன் நோன்பு இருக்கவே இருக்கு!”