மணிக்கட்டு

"பாருங்க மேடம், எட்டாவது லெவல் வந்துட்டா!" ஆட்டிசம் குழந்தைகளுக்கான மையத்தில், பயிற்சியாளர் சுகந்தி தொடுதிரைக் கணினியை நானும் பார்க்கும்படி திருப்பினாள். சிரிக்கும் முகம் எது, கோபமான முகம் எது என்று அது கேட்கக் கேட்க, என் மகள் பெனிட்டாவின் விரல் சரியாகத் தொட்டது. அவள் மணிக்கட்டைச் சுகந்தி பிடித்திருந்தாள்.

"கைய விடுங்க."

"ஆரம்பத்துல இப்படித்தான் பிடிச்சுச் சொல்லிக்குடுப்போம் மேடம்."

"ஒரு வருஷமாவா ஆரம்பம்? விடுங்கன்னா விடுங்க."

விட்டாள். பெனிட்டா திரையைப் பார்க்கவேயில்லை. மணிக்கட்டைச் சுகந்தியிடம் நீட்டினாள். அவள் பிடிக்காததால் என்னிடம் நீட்டினாள். மகளை இழுத்துக்கொண்டு வெளியேறினேன். "பேரண்ட்ஸே ஒத்துழைக்கலன்னா நாங்க என்ன பண்றது?" என்ற குரல் படிக்கட்டு வரை துரத்தியது.

வீட்டில் பெனிட்டாவுக்குத் தாகம் எடுத்தது. அந்த மையத்தில் சேர்க்கும் முன்பு, தானே குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தவள். இப்போது குடத்தின் முன்னால் நின்று மணிக்கட்டை என்னிடம் நீட்டினாள். பிடித்துவிடக் கூடாதென்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டாள். நீட்டிய கை இறங்கவேயில்லை.