ஏழு மெதுவான பாட்டுகள்

"ஒரே நடனத்துல ஏழு மெதுவான பாட்டா? பிள்ளைங்க என்ன, ஒருத்தர்மேல ஒருத்தர் சாய்ஞ்சு தூங்கவா வந்தாங்க?" திங்கட்கிழமை காலையிலேயே தலைமையாசிரியர் அறை அதிரக் கத்திக்கொண்டிருந்தார் கணக்கு டீச்சர் வெர்னா.

நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூர்ப் பள்ளி நடனங்களுக்கெல்லாம் பாட்டுப் போடும் டிஜே டுவேன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சீட்டுல எழுதிக் கேக்குறதைத்தான் போடறேன், டீச்சர்."

"யார் கேட்டதுன்னு சொல்லுப்பா. இல்லேன்னா மே மாச நடனத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்," என்றார் தலைமையாசிரியர்.

வருடத்தின் பெரிய நடனமே அதுதான். டுவேன் பெருமூச்சுவிட்டுச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். "சீட்டெல்லாம் இங்கேயே இருக்கு சார்."

"ஐயோ, போகட்டும் விடுங்க சார்!" வெர்னாவின் குரல் திடீரென்று குழைந்தது. "பாவம், மே மாசமும் இவரே போடட்டுமே."

தலைமையாசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. டுவேனுக்குப் புரிந்தது. ஏழு சீட்டிலும் இருந்தது வெர்னாவின் கையெழுத்து; தன்மேல் சந்தேகம் வரக்கூடாதென்றுதான் அந்தக் கத்தல். மெதுவான பாட்டு வந்தால், காவலுக்கு வந்த ஆசிரியர்கள் இருவரும் ஜோடிகளுக்கு நடுவே சேர்ந்து நடந்து கண்காணிக்க வேண்டும் என்பது பள்ளி விதி. அந்த ஏழு பாட்டு நடனத்தன்று வெர்னாவோடு காவலுக்கு வந்தவர், மனைவியை இழந்த உயிரியல் ஆசிரியர் லாயிட்.

மே மாதம் பத்து மெதுவான பாட்டுகள் ஓடின. ஜூனில் வெர்னாவும் லாயிட்டும் கல்யாணம் செய்துகொண்டு ஒமாஹாவுக்குக் குடிபோனார்கள். இப்போது அந்தப் பள்ளியில் மெதுவான பாட்டு வேண்டுமென்று சீட்டு எழுத ஆளே இல்லையாம்.