மடையானின் வெள்ளைச் சிறகு

ஏரிக்கரைப் பூங்காவில் வருஷம் முழுக்கக் குடியிருக்கும் மடையான் கொக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பனிக்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்திறங்கிய ஊசிவால் வாத்தைத்தான் கேமராக்கள் மொய்த்தன. மடையானுக்கு வயிறெரிந்தது. வேண்டுமென்றே குறுக்கே போய் நின்றது.

"அந்த மண்ணு நிறக் கொக்கை விரட்டுப்பா!" என்றார் ஒருவர்.

"போயிடாதீங்கண்ணே, இப்படியே என்னை மறைச்சுக்கிட்டு நில்லுங்க," என்று வாத்து கெஞ்சியது. "தண்ணிக்குள்ள தலையை விட்டாலே க்ளிக் க்ளிக்குங்கிறாங்க. பயத்துல வந்ததிலிருந்து ஒரு வாய் சாப்பிடலை."

மடையானுக்கு மனசு இளகிவிட்டது. சட்டென்று எழும்பியது. மண் நிற உடம்போடு மடங்கியிருந்த சிறகுகள் பளீரென்று வெள்ளையாக விரிந்தன. "அடடா!" என்று கேமராக்காரர்கள் அத்தனை பேரும் அதன் பின்னால் ஓடினார்கள்.

"நிதானமாச் சாப்பிடு தம்பி!" என்று மேலேயிருந்து கத்தியது மடையான். "இவங்களை நான் அக்கரை வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்!"