மூன்றாவது பெயர்

"மணி மூணு பத்து ஆச்சு, ஜெஃப். நாலுக்கு மியூசியத்தை மூடிடுவேன். சட்டுனு கேளு," என்றாள் லோர்னா.

சார்ஜென்ட் ஜெஃப் ஹானஃபோர்ட் நாற்காலியில் சரிந்தார். அந்த ஊருக்கு அவர் ஒருவர்தான் போலீஸ்.

"குளிச்சிருக்கே போல?" என்றாள் அவள்.

"நாலு நாள் கழிச்சு."

"நல்ல வேளை. நேத்து நீ கடைக்கு வந்தப்ப ஈயெல்லாம் உன் பின்னாடிதான் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. சுவரில் '1869 கொலைகள்' என்ற பலகை. மூன்று பெயர்கள். முதலில் கசாப்புக்காரர்: காலில் கொல்லனின் இரும்புப் பட்டறைக்கல்லைக் கட்டி அணையில் தள்ளப்பட்டவர். அடுத்து தபால்காரர்: தேநீரில் விஷம்.

போன மாதம் இந்த ஊர்க் கசாப்புக்காரர் அதே அணையில் கிடந்தார், காலில் பட்டறைக்கல்லோடு. போன வாரம் தபால் பட்டுவாடா செய்யும் ஐரீன், தேநீர்க் கோப்பையோடு. பட்டறைக்கல், குதிரைக்கு லாடம் அடிக்கும் ட்ரெவருடையது. ஹானஃபோர்ட் அவனைப் பிடித்து ஸ்டேஷன் அறையில் பூட்டினார். வெள்ளத்தில் பாலம் மூழ்கியதால் அடிலெய்டு நகரச் சிறைக்கு அனுப்ப முடியவில்லை.

மூன்றாவது பெயர்: 'மைக்கேல் ஹாலஹன், மதுவிடுதிக்காரர்'. அவ்வளவுதான்.

"பப் வச்சிருக்கற டெஸ்ஸை மாடியில பூட்டி வச்சிருக்கேன். கீழ வந்து ஒரு பீர் ஊத்தக்கூட விடல. ஊரே என்னைத் திட்டுது."

"ட்ரெவரைத்தான் பிடிச்சிட்டியே?"

"அவன் இல்லேன்னு தோணுது. மூணாவது பொணம் விழுந்தா என்னால தாங்க முடியாது, லோர்னா. ஹாலஹன் எப்படிச் செத்தான்? பலகையில போடலியே?"

"அவன் குடும்பம் போட விடல. கொலையானவங்க வரிசையில பேர் இருந்தாப் போதும்னாங்க. அதுக்கே முப்பது வருஷம் சண்டை போட்டாங்க."

"ஏன்?"

"ஊரு அவனைக் கொலைகாரன்னுல்ல சொல்லிட்டு இருந்துச்சு. விடுதிக்குப் பின்னாடி பட்டறையும் வச்சிருந்தான். அந்தப் பட்டறைக்கல்லு அவனோடது. அதனால அவனைத்தான் பிடிச்சு உள்ள போட்டாங்க."

ஹானஃபோர்ட் நிமிர்ந்தார். "அப்புறம்?"

"கோர்ட்டுக்கே போகல. பூட்டின அறையில தூக்குல தொங்கினான். தானாத் தொங்கிட்டான்னு எழுதி முடிச்சாங்க."

"தானா இல்லையா?"

"முப்பது வருஷம் கழிச்சு, சாகற நேரத்துல ஒருத்தன் ஒத்துக்கிட்டான். மூணையும் செஞ்சது அவன்தான். அன்னிக்கு ஹாலஹனுக்குக் காவல் உக்காந்தவன்."

"காவலுக்கு இருந்த போலீஸா?"

"இல்லப்பா. போலீஸ்காரன் பாவம், உன்னை மாதிரி ஒத்தை ஆளு. நாலு நாள் தூக்கமில்ல. ஊர்க்காரன் ஒருத்தன் நல்ல மனசோட வந்து, 'நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்'னானாம். இவனும் நம்பிப் போயிட்டான்."

அதே வார்த்தைகளை ஹானஃபோர்ட் இன்று மதியம் ஸ்டேஷனில் ஒருவர் சொல்லக் கேட்டிருந்தார்.

போனை எடுத்து ஸ்டேஷன் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஜெஃப்," என்றாள் லோர்னா. "ட்ரெவரை யாருகிட்ட விட்டுட்டு வந்தே?"