மேலே இரண்டு, கீழே மூன்று

மாமனார் தன் கார் சாவியைச் சின்ன மாப்பிள்ளையிடம் நீட்டியபோது, பெரிய மாப்பிள்ளை ஒரு திருகாணியைத் தேவைக்கு மேல் இறுக்கிக்கொண்டிருந்தான்.

"பெட்ரோல் முள்ளு சரியில்ல. நீங்க பாருங்க, சின்ன மாப்பிள்ளை."

பதினாலு வருஷமாக மாமனாரின் கார் எலக்ட்ரிக் கடையில் குனிந்தே முதுகு வளைந்தவன் பெரியவன். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவன் சின்னவன். மாமனாருக்கு இப்போது கை நடுங்குகிறது. மாதக் கடைசிக்குள் கடைச் சாவியை ஒரு மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரப் போவதாகச் சொல்லியிருந்தார். எந்த மாப்பிள்ளை என்று சொல்லவில்லை.

இன்று சொல்லிவிட்டார் என்றே பெரியவனுக்குப் பட்டது.

மதியம் வீட்டுக்குப் போனால் மனைவி ஆரம்பித்தாள்.

"தங்கச்சி போன் பண்ணா. அப்பா காரை அவ வீட்டுக்காரர்கிட்ட கொடுத்தாராமே?"

"அதுக்குள்ள தண்டோரா போட்டாச்சா?"

"அவ சாதாரணமாத்தாங்க சொன்னா."

"கிடைச்சவங்களுக்கு எல்லாமே சாதாரணம்தான்."

தட்டில் பாதி அப்படியே இருந்தது. அவன் கை கழுவ எழுந்துவிட்டான். வயிற்றில் எரிந்தது பசி இல்லை.

வேலை என்னவோ சின்ன வேலைதான். பெட்ரோல் டேங்கில் இருந்த பழைய சென்சார் செத்துவிட்டது. அதே மாதிரி இப்போது கிடைப்பதில்லை. வேறொரு காருடையதைப் பொருத்தியாயிற்று. ஆனால் டேங்க் நிறைந்தால் அது ஐந்து வோல்ட் அனுப்பும். இந்தக் காரின் மீட்டருக்கோ மூன்று வோல்ட் வந்தாலே முள் கடைசிக்குப் போய்விடும். அப்படியே விட்டால் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும் டேங்கைக்கூட நிறைந்த டேங்க் என்று நம்பி, ஒருநாள் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். இடையில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு ஐந்தை மூன்றாக இறக்க வேண்டும். ஒன்று இரண்டு கிலோ ஓம், இன்னொன்று மூன்று.

பெரியவன் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். கேட்டால்தானே.

சின்னவன் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து வேலை செய்வதைப் பார்க்காதது போலப் பார்த்தான். ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு காகிதத் துண்டு. அதில் முத்து முத்தாக எழுத்து. அதன் மேல் டேப்.

"என்ன சகலை, ஒயருக்கெல்லாம் பேரு வைக்கிறீங்க? அப்படியே தாலாட்டும் பாடிடுங்க."

"மறதிண்ணே. எழுதி வெச்சாத்தான் நமக்கு ஆகுது."

"ரெசிஸ்டரை ஈயம் வெச்சுப் பத்த வைக்கலையா? வெறும் திருகுல கட்டியிருக்கீங்க?"

"இருக்கட்டும்ணே. பின்னாடி யாராவது மாத்தணும்னா சுலபமா இருக்கும்."

"அதுவும் சரிதான். மாத்த வேண்டி வரும்" என்றான் பெரியவன்.

மறுநாள் காலை மாமனார் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்தார். எல்லோரும் பார்க்கச் சாவியைத் திருப்பினார். முள் எழுந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஏறி, அங்கேயே நின்றது.

பெரியவனுக்கு உள்ளே எங்கோ இனித்தது. மல்டிமீட்டரை எடுத்து மீட்டருக்குப் போகும் ஒயரில் வைத்தான்.

"ரெண்டு வோல்ட்தான் வருது மாமா. மூணு வரணும்." குரல் பக்கத்துக் கடை வரை போயிற்று. "ரெண்டு வருதுன்னா பிரிச்சுப் பாக்கவே வேண்டாம். மேல ரெண்டு, கீழ மூணு இருக்கணும். சகலை தலைகீழாப் போட்டிருக்காரு. படிக்கிற பசங்க முதல் வருஷத்துல பண்ற தப்பு."

சின்னவன் பின்தலையைச் சொறிந்தான்.

"கவனிக்காம விட்டுட்டேன் போலிருக்குண்ணே. ஆனா கம்மியாத்தானே காட்டுது. வண்டி பாதி வழியில நிக்காது."

"சமாளிக்கிறதைப் பாருங்க மாமா."

மாமனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டார். நடுங்கும் விரல்களில் கடைச் சாவி கிலுகிலுத்தது.

"எனக்கு ரெண்டு மனசாத்தான் இருந்துச்சு. இந்த வேலையைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். இந்தாங்க, பெரிய மாப்பிள்ளை. பழகின கை பழகின கைதான்."

பெரியவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"இதையும் நீங்களே சரி பண்ணிடுங்க."

"அஞ்சு நிமிஷம் மாமா."

"நான் மாமாவை என் பைக்குல வீட்டுல விட்டுட்டு வந்துடறேன்ணே" என்றான் சின்னவன். அவன் முகத்தில் வருத்தத்தைத் தேடினான் பெரியவன். கிடைக்கவில்லை. என்னமா நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டான்.

அவர்கள் போனதும் மனைவிக்குப் போன் போட்டான். "உன் தங்கச்சிகிட்ட நீயும் சாதாரணமாவே சொல்லு" என்றான்.

பிறகு டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தான். பையில் சாவி தொடையை அழுத்தியது. விசில் தானாக வந்தது. ரெசிஸ்டர்களைச் சுற்றியிருந்த டேப்பை உரித்தான். உள்ளே வழக்கம்போல ஒரு காகிதத் துண்டு. இதற்கும் ஒரு பேர் வைத்திருக்கிறான் பார் என்று வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

விசில் நின்றது.

முத்து முத்தாக, நேற்றைய தேதி போட்டு எழுதியிருந்தது:

'அண்ணன் மாற்றும்போது, மேலே 2, கீழே 3.'